மிதிபடாத பனி: கோபிசெட்டிபாளையத்திலிருந்து எமரால்டு வரை ஐந்து நாள்

ஜனவரி 8, புதன் – மலையேறின நாள்

அண்ணன் மகன் மூன்று வருஷம் கழித்துப் பொங்கலுக்கு ஊருக்கு வந்திருக்கிறான். ஜப்பானின் வடகோடியில் ஹொக்கைடோ தீவில் வேலை. குளிர்காலம் வந்துவிட்டால் வாரக் கடைசியில் பனிச்சறுக்குக் கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மலைக்குப் போய்விடுவான். திண்ணையில் உட்கார்ந்து செல்போனில் அந்தப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தவன், "நம்ம ஊட்டியிலயும் இந்த மாசம் பனி கட்டுதாமா அத்தை, ஒருக்காப் போய்ப் பாத்துட்டு வரலாமா?" என்றான்.

எனக்கு வயசு ஐம்பத்து மூன்று. ஊட்டிக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். எல்லாம் மே மாசம், மலர்க் கண்காட்சிக்கு. மார்கழியில் ஒரு தடவைகூடப் போனதில்லை. கடலை விதைக்க இன்னும் ஒரு வாரம் கிடந்தது. வீட்டுக்காரரும் சரி என்றார். தூக்குப்போசியில் புளிச்சோறு, ஒரு டப்பா கச்சாயம், வறுத்த கடலை, மூன்று கம்பளி. கிளம்பிவிட்டோம்.

சோதனைச் சாவடியில் வண்டியைத் திறந்து பார்த்தார்கள். வீட்டுக்காரர் வாங்கி வைத்திருந்த பன்னிரண்டு தண்ணீர் பாட்டிலும் அங்கேயே இறங்கின. நீலகிரிக்குப் பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுபோகக் கூடாது என்பது தெரிந்த சங்கதிதான், அவசரத்தில் மறந்துவிட்டது. அங்கே இருந்த அம்மா தூக்குப்போசியைக் காட்டி, "எல்லாரும் இப்படிக் கொண்டாந்தா எங்களுக்கு வேலையே இல்லீங்க" என்றார். கச்சாயம் நீட்டினேன். ஒன்று எடுத்துக்கொண்டார்.

ஊட்டியில் அறைக்குப் போனில் 2,200 சொன்னார்கள், நேரில் போனபோது 3,500 என்றார்கள். இருட்டிவிட்டது, குளிர் வேறு காதை அறுத்தது. கொடுத்துத்தான் ஆகவேண்டியிருந்தது. ராத்திரி சாப்பிட்ட தோசை மேசைக்கு வருவதற்குள்ளேயே ஆறிவிட்டது, அதற்கு 110 ரூபாய். ஆனால் அந்த விடுதியில் வேலை செய்கிற பையன், நான் முந்தானையைக் காதோடு சுற்றிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, யாரும் கேட்காமலே தன்னுடைய ரஜாயைக் கொண்டுவந்து கொடுத்தான். "நாங்க பழகிட்டோம்மா" என்றான். திருப்பிக் கொடுக்கப் போனால் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு ஓடிப்போனான்.

ஜனவரி 9, வியாழன் – தலைக்குந்தா, அதற்கப்புறம் எமரால்டு

விடிய ஐந்தரைக்குக் கூடலூர் ரோட்டில் கிளம்பினோம். பனி பார்க்கத் தலைக்குந்தாதான் போகவேண்டும் என்று கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஊரே அதைத்தான் கேட்டிருக்கிறது போல. ஒரு கிலோமீட்டருக்கு முன்னாலேயே கார்கள் இரண்டு பக்கமும் நின்றன. இறங்கி நடந்தோம். ஒரு வண்டியில் பாட்டு, இன்னொன்றில் வேறு பாட்டு, தலைக்கு மேலே டிரோன் கொசு மாதிரி ரீங்காரம்.

புல்வெளி வெள்ளையாகத்தான் இருந்திருக்கும். நாங்கள் போனபோது ஓரத்தில் மட்டும்தான் வெள்ளை மிச்சம். நடுவெல்லாம் செருப்புத் தடமும் சேறும். ஒரு அப்பா காரின் கூரையில் படிந்திருந்த பனியைக் கையால் வழித்து வழித்து உருட்டி, மகள் உள்ளங்கையில் வைத்தார். அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்தது ஒன்றுதான் அந்த இடத்தில் எனக்கு நிறைவு. டீ 30 ரூபாய், பால் வாசமே இல்லை.

அண்ணன் மகனை நான் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். மாப்பிள்ளை ஒன்றும் பேசாமல் நின்றான். திரும்பி நடக்கும்போதுதான் சொன்னான்.

"ஹொக்கைடோவுல நிசெகோன்னு ஒரு பனிச்சறுக்கு எடம், அங்கயும் இதே கதைதான் அத்தை. ராத்திரி முழுக்கப் பனி கொட்டியிருக்கும். காலையில லிஃப்ட் தொறக்கறதுக்கு முந்தியே வரிசை நிக்கும். மத்தியானம் ஆறதுக்குள்ள மலை முழுக்கக் கோடுகோடாப் போயிரும், உழுது போட்ட காடாட்டம்."

அவன் சொன்னதில் எனக்குப் புரிந்தது இது. சைபீரியாவிலிருந்து வருகிற காய்ந்த குளிர்க்காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை வாரிக்கொண்டு வந்து ஹொக்கைடோ மலைகளில் கொட்டுகிறது. குளிர் கடுமையாக இருப்பதால் அந்தப் பனி ஈரமில்லாமல், மாவு சலித்த மாதிரி விழும். பவுடர் என்கிறார்கள். கையில் அள்ளினால் கனமே தெரியாதாம், பத்தில் ஒன்பது பங்கு காற்றுதான். அதில் இறங்கும்போது கட்டைக்கு அடியில் தரை இருப்பதே தெரியாது, முழங்கால் வரைக்கும் புகை மாதிரி எழும்பும். யாரும் இறங்காத சரிவில் முதல் ஆளாக இறங்குவதற்காகத்தான் உலகம் முழுக்கவிருந்து வருகிறார்கள்.

"அப்ப நீ என்ன பண்ணுவே?"

"கூட்டம் போற எடத்துக்குப் போகமாட்டேன். உள்ளூர் ஆளுங்க மட்டும் வர்ற சின்ன மலை இருக்கும், ஒரே ஒரு லிஃப்ட் ஓடும், டீக்கடை மாதிரி ஒரு கடை. அங்க பனி விழுந்து ரெண்டு நாள் ஆனாக்கூட மரத்துக்கு நடுவுல மிதிபடாத எடம் கெடைக்கும். கடைக்காரம்மாகிட்ட கேட்டாச் சொல்லுவாங்க. ஆனாத் தனியாப் போகக்கூடாது. மரத்தடியில பனி குழி விட்டிருக்கும், தலைகீழா உள்ள போனா எந்திரிக்க முடியாது."

அசஹிடாகே என்று ஒரு மலை, ஹொக்கைடோவிலேயே உயரம், 2,291 மீட்டர். நம் ஊட்டி 2,240. ஏறக்குறைய ஒரே உயரம்! அங்கே ஆறு மாசம் ஆள் உயரத்துக்குப் பனி, இங்கே மார்கழி விடியலில் புல் நுனியில் மட்டும். பூமத்திய ரேகைக்கு நாம் எவ்வளவு பக்கம் என்பதை இதைவிட நன்றாக எனக்கு யாரும் சொன்னதில்லை.

கடைக்காரம்மாவிடம் கேட்கிற வழியையே நாங்களும் பிடித்தோம். ஊட்டிக்குத் திரும்பி, அங்கிருந்து மறுபக்கம் முத்தோரை பாலாடா வரைக்கும் போனோம். அங்கே காரட் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த டிரைவரிடம் கேட்டேன். "தலைக்குந்தாவுல என்னம்மா இருக்குது, இத்தலார் தாண்டி எமரால்டு பக்கம் போங்க, அங்க பள்ளத்துல நல்லா விழும்" என்றவர், தனக்குத் தெரிந்த ஒரு வீட்டுக்குப் போன் போட்டும் கொடுத்தார். எங்களை முன்னே பின்னே தெரியாது.

வீடு ஒரு படுகர் ஹட்டியில். படுகர்கள் தங்கள் ஊரை ஹட்டி என்கிறார்கள். வரிசையாக ஒட்டி ஒட்டி வீடுகள், முன்னால் நீளமான வாசல், கீழே சரிவு முழுக்கத் தேயிலை, சரிவுக்கு அடியில் ஓடை. பெரியவருக்கு எழுபது இருக்கும், தலையில் வெள்ளை முண்டாசு. அந்தம்மா வெள்ளைத் துண்டை மார்போடு போர்த்தியிருந்தார். பிள்ளைகள் பெங்களூரில் வேலை. மகன் அறையைத் திறந்துவிட்டார்கள். சாப்பாட்டோடு சேர்த்து நாளைக்கு ஆயிரம் ரூபாய், அதையும் நாங்கள் கேட்டுக் கேட்டுத்தான் சொன்னார். மாப்பிள்ளை குனிந்து கும்பிட்டதும் அவன் தலையில் கை வைத்து ஆசி சொன்னார். அவர்கள் முறை அப்படித்தானாம், சின்னவர்கள் தலை குனிந்தால் பெரியவர்கள் தொட்டு வாழ்த்தவேண்டும். எனக்கும் வைத்தார். அப்புச்சி போனதற்கப்புறம் என் தலையில் யாரும் அப்படிக் கை வைத்ததில்லை.

ஜனவரி 10, வெள்ளி – மேகம் போர்த்தின நாள்

ஐந்து மணிக்கு எழுந்து வெளியே வந்தால் பனி இல்லை. வாசல் ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். வானத்தில் ஒரு நட்சத்திரம் கிடையாது.

மாப்பிள்ளைக்கு முகம் வாடிவிட்டது. பெரியவர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "மேகம் போத்திருச்சும்மா. இன்னைக்கு விழாது" என்றார். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அப்போது அது எனக்குப் பிடிபடவில்லை.

அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, கறுப்பு டீ கொடுத்துக்கொண்டே சொன்னார். பகலில் மண் வாங்கின சூடு ராத்திரி மேலே போய்விடும். மேகம் இருந்தால் அது கம்பளி மாதிரி தடுத்துத் திருப்பி அனுப்பும். வானம் வெளுத்து, காற்றும் அசையாமல் இருந்தால் சூடு முழுக்கப் போய்விடும், புல்தான் முதலில் விறைக்கும். காற்றின் ஈரம் அதன்மேல் அப்படியே கட்டிக்கொள்ளும். மேலேயிருந்து எதுவும் விழுவதில்லை, சொல்வழக்கில்தான் விழுகிறது. மாப்பிள்ளை இடையில் புகுந்து, ஹொக்கைடோவில் மேகம் வந்தால்தான் தங்களுக்குப் பனி என்றான். பெரியவர் அதைக் கேட்டு ரொம்ப நேரம் ஆச்சரியப்பட்டார்.

"குளுந்த காத்து கனம்மா. தண்ணியாட்டம் சரிவுல எறங்கிப் பள்ளத்துல போய்த் தேங்கும். மேட்டுத் தேயிலை தப்பிச்சுக்கும், ஓடைக்கரைத் தேயிலை மாட்டிக்கும்."

கீழ்பவானிப் பாசனத்தில் பண்ணையம் பண்ணுகிற எனக்கு அது உடனே விளங்கிவிட்டது. எங்களுக்குக் கடைமடைக்குத் தண்ணீர் வராது என்பதுதான் காலம் முழுக்கக் கவலை. இவருக்குக் கடைமடையில் குளிர் வந்து நிற்பது கவலை.

காலைச் சாப்பாட்டுக்கு ராகி ஹிட்டும் அவரைக்கொட்டையும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பும். குழம்பை உதக்க என்கிறார்கள். நம் களி மாதிரித்தான் ஹிட்டு, ஆனால் இன்னும் இறுக்கம், நடுவில் குழி பண்ணி நெய் ஊற்றித் தருகிறார்கள். அந்த அவரையின் ருசிக்கு எங்கள் ஊர் அவரை கிட்டவே வராது. தோல் உரித்த பயறு வெண்ணெய் மாதிரிக் கரைகிறது, மசாலா காரத்தைவிட வாசம்தான் தூக்கல். அவ்வளவு ஒணத்தியாக இருந்தது. மசாலா அரைக்கிற விதத்தை நான் கேட்டேன், அந்தம்மா மஞ்சள் எங்கே வாங்குகிறேன் என்று கேட்டார். நாங்களே போடுகிறோம் என்றதும் எழுந்து போய்த் தன் டப்பாவைக் கொண்டுவந்து காட்டினார். கடை மஞ்சள், நிறம் மட்டும்தான் இருந்தது. ஊருக்குப் போனதும் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஹெத்தையம்மன் நோம்பி நெருங்குகிறதாம், ஹட்டி முழுக்கச் சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்க்கிற ஒவ்வொருவரும் நின்று, எந்த ஊர், சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.

பொழுதோட மேகம் கலைந்தது. மேற்கே சிவந்து, வானம் கழுவிவிட்ட மாதிரி ஆனது. மாப்பிள்ளை சந்தோஷப்பட்டான். பெரியவர் வானத்தை ஒருதரம் அண்ணாந்து பார்த்துவிட்டு அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று கேட்டேன். தாகை அறுக்க என்றார்.

ஓடைப் பக்கம் போன வருஷம் வைத்த இளம் தேயிலைச் செடிகள் நான்கு வரிசை, முழங்கால் உயரம். தாகைச் செடியை அறுத்துவந்து ஒவ்வொன்றின்மேலும் குடை மாதிரிக் கவிழ்க்கவேண்டும். புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு பேர்தான். கூலிக்கு ஆள் பிடித்தால் பச்சைத் தேயிலை விலைக்குக் கட்டுப்படியாகாது, கிலோ இருபத்துச் சொச்சம்தான் கிடைக்கிறதாம். நாங்கள் மூன்று பேரும் இறங்கினோம். வீட்டுக்காரர் அறுத்தார், மாப்பிள்ளை கட்டுக்கட்டாகத் தூக்கி வந்தான், நானும் அந்தம்மாவும் மூடினோம். எழுத்துக் கூட்டுகிற மாதிரி மெதுவாகத்தான் எனக்கு வந்தது. தண்டை மண்ணில் சொருகி, இலை கிழக்குப் பார்க்கிற மாதிரி சாய்க்கவேண்டும், காலை வெயில் நேராகப் பட்டுவிடக்கூடாது. மூன்று வரிசை முடிவதற்குள் இருட்டிவிட்டது. விரல்கள் மடங்கவே இல்லை. நான்காவது வரிசையும் அதற்குக் கீழே இருந்த பழைய தேயிலையும் அப்படியே நின்றன.

"போதும்மா, அதுக்கு விதிச்சது" என்றார் பெரியவர்.

ஜனவரி 11, சனி – பள்ளம்

நாலரைக்கே முழிப்பு வந்துவிட்டது. கதவைத் திறந்தேன். காற்று சுத்தமாக நின்றிருந்தது. வானம் முழுக்க நட்சத்திரம், கைக்கு எட்டுகிற மாதிரி. செல்போனில் ஊட்டிக்கு 3 டிகிரி என்று போட்டிருந்தது. பூஜ்யத்துக்கு மேலே இருக்கிறதே, இன்றும் இல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். மாப்பிள்ளைதான் சொன்னான், அது நாலடி உயரத்தில் காற்றை அளந்து சொல்கிற கணக்கு, தரையில் புல் அதைவிட எத்தனையோ குளிர்ந்திருக்கும் என்று.

வாசலில் நின்ற எங்கள் காரே சாட்சி. கண்ணாடி முழுக்க வெள்ளை. வீட்டுக்காரர் அதைக் கரைக்கக் கொதிதண்ணீர்ப் போசியோடு வந்தார். மாப்பிள்ளை ஓடிப்போய்க் கையைப் பிடித்துவிட்டான். சுடுதண்ணீர் பட்டால் கண்ணாடி விரிசல் விட்டுவிடுமாம். பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டினான், அரிசி மாவு மாதிரி உதிர்ந்தது.

ஆறு மணிக்குப் பெரியவர் முன்னால் நடக்க, தேயிலைக்கு நடுவில் ஒற்றையடிப் பாதையில் இறங்கினோம். நாலு வளைவு இறங்கினதும் குளிர் சட்டென்று மாறியது. கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி, முதலில் கால், பிறகு இடுப்பு, பிறகு முகம். குளிர் வந்து தேங்குகிற இடம் இதுதான் என்று உடம்புக்கே தெரிந்தது. தேயிலை முடிந்தது. முன்னால் ஓடையும், அதன் இரண்டு பக்கமும் சதுப்புப் புல்வெளியும்.

முழுக்க வெள்ளை.

நான் என்ன எழுதினாலும் அந்த வெள்ளை இதில் வராது. உப்பளத்து வெள்ளைக்கு ஒரு கண்கூச்சம் உண்டு, இதில் அது இல்லை. லேசான நீலம் ஓடின வெள்ளை. ஒரு தடம் இல்லை. ஓரத்தில் மட்டும் முயல் ஒன்று ஓடையிலிருந்து புதருக்குப் போன தடம், குட்டிக் குட்டியாக, நேர் கோட்டில். அதைத் தவிர யாரும் அதைத் தொடவில்லை. ஓடைச் சத்தம் மட்டும் கேட்டது, அதுகூட எங்கோ தள்ளிக் கேட்கிற மாதிரி.

குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு புல்லின் விளிம்பிலும் ஊசி ஊசியாக நின்றது, பூனைக்குட்டி மயிர் சிலிர்த்த மாதிரி. ஒரு பூண்டின் இலையில் நரம்பு ஓடின வழியெல்லாம் வெள்ளைக் கோடு, யாரோ கோலமாவால் வரைந்த மாதிரி. இரண்டு தண்டுக்கு நடுவில் ஒரு சிலந்தி வலை, இழை தடித்து நூல் மாதிரித் தெரிந்தது. காய்ந்த சாணி வறட்டிமேல்கூட அதே ஊசிகள். மூச்சு விட்டேன். என் மூச்சு பட்ட இடம் மட்டும் ஒரு நொடியில் சொட்டாக மாறியது. அதற்கப்புறம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பார்த்தேன்.

மாப்பிள்ளை எனக்குப் பின்னால் நின்றிருந்தான். "போ, நீதான் மொதல்ல" என்றேன். இதற்காகத்தானே அவன் இத்தனை வருஷம் மலைமலையாகப் போகிறான். அவன் காலை எடுத்து வைக்கவில்லை. ஓரமாகவே, பாதையை விட்டு இறங்காமல், பள்ளத்தைச் சுற்றி நடந்து மறுபக்கம் போய் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். வந்ததும் கேட்டேன். "அங்க ராத்திரி மறுபடி விழும் அத்தை, மிதிச்சாலும் மூடிக்கும். இது இன்னும் அரைமணி நேரந்தானே" என்றான்.

பெரியவர் எங்களோடு நிற்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். நாங்கள் மூடாமல் விட்ட வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒரு கொழுந்தை விரலால் நிமிண்டினார், அது கண்ணாடி மாதிரி ஒடிந்தது. உள்ளே இருக்கிற நீர் உறைந்து இலையின் சதை கிழிந்துவிடுமாம். வெயில் ஏறினால் பார்க்கப் பச்சையாகத்தான் இருக்கும், இரண்டு நாளில் தீ வைத்த மாதிரிக் கருகும். புதுக் கொழுந்து வர இரண்டு மாசமாவது ஆகும். அதுவரைக்கும் அந்த வரிசையில் கிள்ள ஒன்றும் இல்லை.

நேற்று மேகத்தைப் பார்த்து அவர் முகத்தில் நிம்மதி தெரிந்ததே, அது அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. இரண்டு நாளாய் வானம் தெளியவேண்டும் என்று நாங்கள் அவர் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்துகொண்டே வேண்டிக்கொண்டிருந்தோம். அவரும் அந்தம்மாவும் எங்கள் ஆசையைக் கேட்டுக்கொண்டு, ஹிட்டுக்கு நெய் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ சொன்னேன். "நீங்க வேண்டினதுக்கா விழுந்துது? வருசாவருசம் விழுறதுதான். பாருங்கம்மா, நல்லாப் பாருங்க, இதைப் பாக்க எங்கிருந்தோ வந்திருக்கீங்க" என்றார்.

மூடின மூன்று வரிசையில் ஒரு செடியைத் திறந்து காட்டினார். தாகை இலையின் முதுகில் வெள்ளை ஏறியிருந்தது. அடியில் செடி பச்சையாக, ஈரமாக இருந்தது. வீட்டுக்காரர் அதை மூன்று தடவை தொட்டுப் பார்த்தார்.

ஏழரைக்கு எதிர்ச்சரிவைத் தாண்டி வெயில் வந்தது. பள்ளத்தின் மேற்கு ஓரத்தில் ஆரம்பித்து, பாயைச் சுருட்டுகிற மாதிரி வெள்ளையைச் சுருட்டிக்கொண்டு வந்தது. வெயில் பட்ட இடத்தில் புல் புகைந்தது. பத்து நிமிஷம் ஒவ்வொரு புல்லிலும் ஒரு சொட்டு. அப்புறம் சாதாரணப் புல்வெளி. மேலே காரட் தோட்டத்தில் ஸ்பிரிங்ளர் சுற்றுகிற சத்தம் கேட்டது, வெயிலுக்கு முன்னாலேயே பனியைக் கழுவிவிடுகிறார்கள்.

பகலெல்லாம் மிச்ச வரிசைகளை மூடினோம். வேறெங்கும் போகவில்லை. அவலாஞ்சி பார்க்கலாம் என்று ஒரு திட்டம் இருந்தது, யாருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு – இறங்கின நாள்

கிளம்பும்போது அந்தம்மா ஒரு பை அவரை, ஒரு படி பூண்டு கொடுத்தார். பணத்தைக் கையில் வாங்கவில்லை, சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வந்தோம். நாங்கள் நின்று பார்த்த ஓடை எங்கே போகிறது என்று கேட்டதற்கு, எமரால்டு அணைக்கு என்றார் பெரியவர். அங்கிருந்து குந்தா ஆறு, அப்புறம் பவானி, பில்லூர், மேட்டுப்பாளையம், கடைசியில் பவானிசாகர்.

மத்தியானம் பவானிசாகரில் இறங்கி மீன் வறுவல் சாப்பிட்டோம். வெயில் சுள்ளென்று அடித்தது. ஸ்வெட்டரைக் கழற்றினபோது தாகை வாசம் வந்தது. அணைக்கரையில் நின்று மாப்பிள்ளை ரொம்ப நேரம் தண்ணீரையே பார்த்தான். இதிலிருந்துதான் நம் காட்டுக்கு வாய்க்கால் வருகிறது என்று சின்ன வயசில் நான் அவனைக் கூட்டிவந்து காட்டினது எனக்கு நினைவு வந்தது. அவனுக்கும் வந்திருக்கும்.

ராத்திரி பெரியவர் போன் பண்ணினார். ஊர் போய்ச் சேர்ந்தீர்களா என்று கேட்கத்தான். இன்றைக்கும் வானம் தெளிந்துதான் இருக்கிறதாம், ஆனால் ஓடைக்கரை வரைக்கும் மூடியாகிவிட்டதாம். மஞ்சளை மட்டும் மறந்துவிடாதே என்று பின்னாலிருந்து அந்தம்மா குரல் கேட்டது.

இரண்டு கிலோ அரைத்து வைத்திருக்கிறேன். நாளைக்குக் காலை ஊட்டி பஸ்ஸில் கொடுத்துவிடவேண்டும்.